சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டுக்கு நல்ல சொற்கள் வேண்டும் (புறநானூறு வேண்டாம்)

கோப்பி_ஓ
எல்லாருக்கும் வணக்கம். தீபாவளி முடிந்து வரும் சனிக்கிழமை சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஒன்றுகூடல். கீழ்த்தளத்தில் மேசை நாற்காலி போட்டு, ஆளுக்கு ஒரு பலகாரம் கொண்டுவந்து, சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் சேர்த்து ஒரு விளையாட்டு. போன வருடம் நடத்தியது நான்தான். வெள்ளைப் பலகையில் கோடு போட்டுவிட்டு எழுத்து எழுத்தாகக் கேட்டுக் கண்டுபிடிப்பது, தப்பாகக் கேட்டால் தூக்கு மாட்டும் ஆள் படம் கொஞ்சம் கொஞ்சமாக வளரும், அதே பழைய ஹேங்மேன்தான்.

நான் தயாரித்துக்கொண்டு போன முதல் மூன்று சொற்கள்: புறநானூறு, அகழ்வாராய்ச்சி, தன்னம்பிக்கை. சிரிக்காதீர்கள். மூன்றையும் ஒரே பெரியவர் கண்டுபிடித்தார், மற்றவர்கள் முறுக்கு தின்றார்கள். திரும்பிப் பார்த்தால் பிள்ளைகள் எல்லாம் கைப்பேசிக்குள் போய்விட்டார்கள். பயந்துபோய் பூனை, பந்து என்று இறங்கினேன், இரண்டு நொடியில் முடிந்தது, ஒரு பையன் 'அங்கிள் நாங்க என்ன கே டூ-வா' (பாலர் பள்ளியா) என்று கேட்டுவிட்டான்.

சுமார் முப்பது பேர் வருவார்கள். தொடக்கநிலை நான்கு படிக்கும் என் மகளிலிருந்து எழுபத்தைந்து வயதுப் பாட்டி வரை. தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த இரண்டு குடும்பம் உண்டு, பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பமும் வரும். இந்தக் கூட்டத்துக்கு எப்படிச் சொல் பொறுக்குவது?

முள்ளங்கி
அகழ்வாராய்ச்சியா! தீபாவளிக்கு வந்த பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்திருக்கிறீர்கள் அண்ணா, அவர்கள் எழுந்து போனதில் தப்பே இல்லை.

நான் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு நிறைய விளையாடியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். விடையைச் சொன்னதும் கூட்டம் என்ன செய்கிறது என்று பாருங்கள். 'அப்படின்னா என்ன?' என்று கேட்டால் சொல் தப்பு. 'ஐயோ, இதுவா!' என்று தலையில் அடித்துக்கொண்டால் சொல் சரி. தெரியாத சொல்லில் தோற்றால் கோபம்தான் வரும். நன்றாகத் தெரிந்த சொல் வாயில் வராமல் தோற்றால்தான் இன்னொரு ஆட்டம் கேட்பார்கள். ஆகவே அகராதியை மூடி வைத்துவிட்டு வீட்டைச் சுற்றிப் பாருங்கள். ஒட்டடை. தாழ்ப்பாள். கொட்டாவி. ஏப்பம். குறட்டை. ஊஞ்சல். கூச்சம். எதிரொலி. இதில் எது உங்கள் மகளுக்குத் தெரியாது? ஆனால் கோட்டைப் பார்த்ததும் எது மனதில் வரும்? எல்லாருக்கும் பூ, பழம், மிருகம், சாமி பெயர் இவைதான் முதலில் வரும். கொட்டாவி எழுபதாவதாக வரும்.

சும்மாவந்தேன்
ஒட்டடை இந்தக் காலப் பிள்ளைக்குத் தெரியாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் ஒட்டடை ஏது?

முள்ளங்கி
உங்கள் வீட்டு மின்விசிறி இறக்கையின் மேல்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், பிறகு பேசுவோம்.

பாதி_இட்லி
முள்ளங்கி சொல்வதையே வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். வேர்டில் என்ற இணைய விளையாட்டு ஞாபகம் இருக்கிறதா? ஐந்தெழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்க ஆறு வாய்ப்பு. ஜாஷ் வார்டில் என்ற மென்பொருளாளர் தன் துணைவி பலக் ஷாவுக்காகச் செய்தது, 2021 அக்டோபரில் பொதுவில் வந்தது, 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கிவிட்டது. ஆங்கிலத்தில் ஐந்தெழுத்துச் சொற்கள் சுமார் 12,000 இருக்கின்றன. அதையெல்லாம் விடையாக வைத்திருந்தால் ஒரு வாரத்தில் எல்லாரும் விட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். பலக் ஷா உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, தனக்குத் தெரிந்தது தெரியாதது என்று பிரித்துத்தான் விடைப் பட்டியல் இரண்டாயிரத்துச் சொச்சமாகச் சுருங்கியது. ஒரு சாதாரண மனுஷிக்குத் தெரியுமா என்பதுதான் சல்லடை. மற்ற சொற்களை நீங்கள் ஊகமாகப் போடலாம், விளையாட்டு ஏற்றுக்கொள்ளும், ஆனால் அவை விடையாக வராது.

கோப்பி_ஓ அண்ணா, உங்கள் பலக் ஷா உங்கள் மகள்தான். பட்டியலை அவளிடம் காட்டுங்கள், அவள் புருவம் சுருக்கினால் அடித்துவிடுங்கள்.

இன்னொன்று. நீளமான சொல் கடினம் என்று நினைத்துத்தான் அகழ்வாராய்ச்சிக்குப் போயிருக்கிறீர்கள். உண்மையில் தலைகீழ். ஆங்கில ஹேங்மேனை 2010-இல் வுல்ஃப்ரம் மென்பொருள் நிறுவனத்தின் ஜான் மெக்லூன் கணினியில் ஓட்டிப் பார்த்தார், மிகக் கடினமாக வந்தது 'ஜாஸ்' (jazz) என்ற நாலெழுத்துச் சொல். நீண்ட சொல்லில் எதைக் கேட்டாலும் ஏதாவது ஓரிடத்தில் விழும். குட்டிச் சொல்லில், அதிலும் அபூர்வ எழுத்து இருந்தால், கேட்பதெல்லாம் தப்பாகிக்கொண்டே போகும். தமிழில் அதற்கு என் வேட்பாளர்: எஃகு.

கோப்பி_ஓ
எஃகு! குறித்துக்கொண்டேன். ஆனால் எனக்கு அடிப்படையிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது, போன வருடம் அதிலும் சண்டை வந்தது. ஒருவர் 'க' என்று கேட்டார். பலகையில் இருந்தது 'கை'. நான் இல்லை என்றேன். அவர் 'கை-யில் க இருக்கிறதே' என்றார். நான் கை வேறு எழுத்து என்றேன். அவர் முறுக்கை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். உண்மையில் எது சரி?

பாதி_இட்லி
அண்ணா என் காயத்தில் உப்பு தடவிவிட்டீர்கள். நானும் பொழுதுபோக்குக்கு ஒரு தமிழ்ச் சொல் விளையாட்டுச் செயலி எழுத முயன்று பாதியில் நிற்கிறேன். கணினிக்கு 'கை' என்பது இரண்டு குறியீடு, க தனி, ஐகாரக் குறி தனி. 'க்' கூட அப்படித்தான், க ஒன்று புள்ளி ஒன்று. ஸ்ரீ-க்கு நான்கு. கோடு போடும் வேலையைக் கணினியிடம் அப்படியே விட்டால் 'பூச்சி'க்கு ஆறு கோடு போட்டு நிற்கும். இது கூடப் பரவாயில்லை, எழுத்தாகச் சேர்த்து எண்ணச் சொல்லிக்கொடுத்துவிடலாம். 'கொ'வை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும், ஒகரக் குறி ஒன்றாகவும் வைக்கலாம், எகரக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஒப்பிட்டால் வேறு வேறு என்று சொல்லும். என் மனைவி 'கொலுசு' என்று சரியாகத் தட்டியும் தப்பு என்று வந்தது, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்புறம் ஔவையார். பாதிப் பேர் ஔ எழுத்தைத் தட்டாமல் ஒ-வும் ள-வும் தட்டுகிறார்கள், பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஒன்றுக்கு ஒரு கோடு, இன்னொன்றுக்கு இரண்டு கோடு.

வெள்ளைப் பலகையும் மார்க்கரும் இருப்பவர்கள் பாக்கியசாலிகள்.

மணியடிச்சாச்சு
வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வகுப்பில் இந்த விளையாட்டைப் பல காலம் நடத்தியவன் என்பதால் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தில் 26 எழுத்து. ஆறேழு தப்புக்குள் கண்டுபிடி என்றால் நியாயம். தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247. ஒருவர் 'மீ இருக்கிறதா' என்று கேட்டால் அது குருட்டு அடி. அதனால்தான் தமிழில் இந்த விளையாட்டு இழுக்கிறது, சொல் கடினமாக இருப்பதால் அல்ல.

நான் செய்தது இது. எழுத்தைக் கேட்காதே, வரிசையைக் கேள். 'க வரிசை' என்றால் க, கா, கி, கை, க் எல்லாவற்றின் இடமும் தெரியும், அங்கே வெறும் க எழுதி வைப்பேன். பிறகு 'ஐ' என்று கேட்டால் ஐகாரம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கே கொம்பு ஏறும். மெய் 18, உயிர் 12, ஆய்தம் 1. மொத்தம் 31 கேள்விதான். 26-க்குப் பக்கத்தில் வந்துவிட்டோமா? கோப்பி_ஓ தம்பிக்கும் அந்த முறுக்குக்காரருக்கும் இருந்த வழக்கு இதோடு முடிந்தது.

இரண்டாவது, இதுதான் முக்கியம். மெய்யெழுத்து வரும் இடத்தில் கோடு போடாமல் புள்ளி வைத்துவிடுங்கள். ஒட்டடை என்றால்

— • — —

கொடுப்பது பெரிய உதவி போலத் தெரியும். ஆனால் அந்தப் புள்ளியை வைத்து யோசிக்கத் தொடங்குவார்கள் பாருங்கள், அங்கேதான் சுவை. கடைசி இடம் புள்ளி என்றால், தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது, ஆகவே க் ச் ட் த் ப் ற் ஆறும் போயிற்று. நடைமுறையில் ண் ம் ன் ய் ர் ல் ழ் ள் என்ற எட்டில் ஒன்று. நடுவில் ங் கிடைத்தால் அடுத்தது பெரும்பாலும் க-தான். ந் கிடைத்தால் த. ஞ் கிடைத்தால் அநேகமாகச் ச. யாருமே ங வரிசையைக் கேட்பதில்லை, கேட்ட பிள்ளைக்கு இரண்டு எழுத்து இலவசம். சிங்கப்பூர் என்ற சொல் ஆறெழுத்து, புள்ளி வைத்துப் போட்டால் மூன்று கேள்விக்குள் விழுந்துவிடும், அதனால் அதைப் போடாதீர்கள்.

இப்போது முள்ளங்கி அம்மா சொன்ன தாழ்ப்பாளைப் பாருங்கள்.

— • • — •

இரண்டு புள்ளி அடுத்தடுத்து. வகுப்பே திகைக்கும். 'சார் தப்பாப் போட்டுட்டீங்க' என்பார்கள். கொஞ்ச நேரம் விடுவேன். பிறகு ஒரு பிள்ளை மெதுவாக வாழ்க்கை, பார்த்தான், காய்ச்சல் என்று தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, முதல் புள்ளி ய, ர, ழ மூன்றில் ஒன்று என்று கண்டுபிடிக்கும். அந்தப் பிள்ளையின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஈரொற்று மயக்கம் என்று நூலில் இருப்பதை நான் ஒருநாளும் பலகையில் எழுதிச் சொல்லிக்கொடுத்ததில்லை.

முள்ளங்கி
ஐயா, நான் தாழ்ப்பாளைச் சும்மா கதவைப் பார்த்து எழுதினேன். இவ்வளவு இருக்கிறதா அதில்!

சும்மாவந்தேன்
எஃகுக்கு எப்படிப் புள்ளி வைப்பீர்கள்? மூன்று புள்ளி வைத்தால் விடை வெளியே வந்துவிடுமே.

மணியடிச்சாச்சு
ஒரே புள்ளி வையுங்கள். ஆய்தமும் ஒற்றுதான். மூன்று வைத்தால் ஆட்டம் அத்தோடு முடிந்தது.

பதினோராம்மாடி
ஐயாவின் முறையை நேற்றிரவே அக்கா பிள்ளைகளிடம் சோதித்தேன், ஒருவன் உயர்நிலை ஒன்று, இன்னொருத்தி தொடக்கநிலை ஐந்து. முதல் ஐந்து நிமிடம் குழப்பம்தான், 'அ' என்று கேட்டால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குப் புரியவில்லை. எந்தக் குறியும் இல்லாத க, ட, ப எல்லாவற்றிலும் அ ஒளிந்திருக்கிறது என்று ஒருமுறை விளக்கியதும் பிடித்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் சின்னவள் எடுத்த எடுப்பில் ம வரிசை, அடுத்து அ, அடுத்து உ என்று ஒரு தந்திரமே வைத்துக்கொண்டாள். 'ம்'-இல் முடியும் சொல் தமிழில் கணக்கில்லாமல் இருக்கிறதே. நான் 'கொட்டாவி' போட்டேன், ம-வும் இல்லை அ-வும் இல்லை உ-வும் இல்லை, மூன்று தப்பு வரிசையாக. அவள் என்னைப் பார்த்த பார்வை!

ஆக என் பங்குக்கு ஒரு பரிந்துரை: ம் இல்லாத, அகரம் குறைந்த சொல்லாகப் பொறுக்கினால் தந்திரக்காரர்கள் மாட்டுவார்கள். எதிரொலி, வௌவால்.

பாதி_இட்லி
எந்த எழுத்து எவ்வளவு வருகிறது என்று யாராவது எண்ணியிருந்தால் நன்றாக இருக்கும். ஸ்க்ரேபிள் என்ற எழுத்துக்கட்டை விளையாட்டைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரெட் பட்ஸ் 1930களில் நாளிதழ் முதல் பக்கங்களை வைத்துக்கொண்டு எழுத்துகளைக் கையாலேயே எண்ணித்தான் எதற்கு எத்தனை கட்டை, எத்தனை மதிப்பெண் என்று முடிவு செய்தார். நானும் தமிழ் முரசில் ஒரு பக்கத்தை விரித்துப் பென்சிலோடு உட்கார்ந்தேன். அரைப் பத்தியில் தூங்கிவிட்டேன்.

கோப்பி_ஓ
நான் கேட்டது பத்துச் சொல், கிடைப்பது பல்கலைக்கழகம். நன்றி ஐயா, புள்ளி முறைதான் இந்த முறை. சரி, அடுத்த சந்தேகம். நம் ஊர்ச் சொற்களைப் போடலாமா? கோப்பிக்கடை, ரம்புத்தான் பழம், பாசார் மாலாம் (இரவுச் சந்தை), ரோத்தான் (பிரம்பு) இப்படி? தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு அநியாயமாகுமா? அதோடு 'இதெல்லாம் தமிழா' என்று யாராவது கிளம்புவார்கள்.

சும்மாவந்தேன்
இதெல்லாம் தமிழா?

முள்ளங்கி
கிளம்பியாச்சு.

சும்மாவந்தேன்
சும்மா கேட்கவில்லை, வந்த வேகத்தில் சொல்கிறேன். நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று என்று பெருமைப்படுகிறோம், பிள்ளைகள் வீட்டில் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள், வருடத்தில் ஒருநாள் தமிழில் விளையாட உட்கார்ந்தால் அங்கேயும் ரம்புத்தானா? சாளரம் என்று போடுங்கள், மின்தூக்கி என்று போடுங்கள். பள்ளியில் அதைத்தானே படிக்கிறார்கள்.

பதினோராம்மாடி
மின்தூக்கி போடலாம், தினமும் கண்ணில் படும் சொல், எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். ஐந்தெழுத்துதான், நல்ல சொல். சாளரம் பாட்டிக்குக்கூடத் தெரியாது, ஜன்னல் என்றுதான் சொல்வார். ஜன்னல் போர்த்துகீசியம் என்று தெரியுமா? மேசையும் சாவியும் அலமாரியும் அப்படித்தான். நானூறு வருடம் நம் வீட்டுக்குள் இருந்துவிட்டு இப்போது வெளியே போ என்றால் எங்கே போகும்? அப்படிப் பார்த்தால் ரம்புத்தானும் வரிசையில் நிற்கிறது, கொஞ்சம் பின்னால்.

விளையாட்டுக்கும் ரம்புத்தான் நல்லது. மூத்த ஆட்டக்காரர்கள் முதல் கோட்டில் ர, ல, ட வரவே வராது என்று நம்பி விளையாடுவார்கள், ஏனென்றால் இலக்கணப்படி தமிழ்ச் சொல் அவற்றில் தொடங்காது. அவர்கள் தலையில் ரம்புத்தானையும் லாரியையும் இறக்குங்கள்.

மணியடிச்சாச்சு
சும்மாவந்தேன் தம்பியின் கவலை எனக்குப் புரிகிறது. நானும் இளமையில் அப்படிக் கோபப்பட்டவன். ஆனால் வண்டி இரண்டு பக்கமும் ஓடியிருக்கிறது. பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம் வருகிறது என்றார் அல்லவா? அவர்கள் கடையைக் கெடாய் என்பார்கள், கப்பலைக் கப்பால் என்பார்கள், கட்டிலைக் காத்தில், பெட்டியைப் பெத்தி. எல்லாம் நம்மிடமிருந்து போனவை. இந்த நான்கையும் ஒரு சுற்றாக வைத்து, மலாய்ச் சொல்லை அந்த வீட்டார் உரக்கச் சொல்ல, தமிழ்ச் சொல்லை நம் பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும். விருந்தாளிகளும் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள். பதிலுக்கு ரம்புத்தானை நாம் வாங்கிக்கொண்டதில் என்ன குறைந்துவிட்டது? ரம்புத் என்றால் மலாயில் முடி, அந்தப் பழத்தைப் பார்த்தாலே தெரியும். டூரி என்றால் முள், அதுதான் துரியான். இதையே குறிப்பாகக் கொடுக்கலாம்.

பாதி_இட்லி
திருச்சிக்காரனாக ஒரு சாட்சியம். நான் இங்கே வந்த புதிதில் அலுவலகத்தில் ஓர் அக்கா 'பசியாறிட்டீங்களா' என்று கேட்டார். எனக்குப் பசியே இல்லை என்றேன். காலைச் சாப்பாட்டைக் கேட்கிறார் என்று புரிய ஒரு வாரம் ஆனது. 'எங்க தாத்தா கம்பத்துல இருந்தாரு' என்று இன்னொருவர் சொன்னார், தேனி மாவட்டத்துக் கம்பம் என்று நினைத்து, அங்கே திராட்சைத் தோட்டம் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் சொன்னது பழைய கிராமக் குடியிருப்பை. அநியாயம் ஒன்றுமில்லை, போடுங்கள். ஆனால் ஒரு வேண்டுகோள்: அணியில் கலந்து உட்காரவையுங்கள். உள்ளூர் ஓர் அணி, ஊரிலிருந்து வந்தவர்கள் ஓர் அணி என்று பிரித்தால் விளையாட்டு வேறு மாதிரிப் போய்விடும், பார்த்திருக்கிறேன்.

முள்ளங்கி
பலகை ஆட்டத்துக்கு எழுத்து முக்கியம். ஆனால் ஒரு சொல்லைச் சொல்லாமல் விளக்கிச் சொல்லும் ஆட்டம் என்றால் வேறு மாதிரிச் சொல் வேண்டும், இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். கொட்டாவியை நடித்துக் காட்டச் சொன்னால் அரை நொடி. அதற்கு 'நேற்று' போடுங்கள். நேற்றை எப்படி நடிப்பீர்கள்? 'தாமதம்', 'பொறாமை', 'நிழல்'. வாயால் விளக்கும் சுற்றில் 'நிழல்' போட்டால் வெயில், மரம், கறுப்பு மூன்றையும் உச்சரிக்கக்கூடாது என்று சீட்டிலேயே எழுதிவிடுங்கள். தடைச் சொல் இல்லாவிட்டால் எந்தச் சொல்லும் சுலபம்தான்.

விளக்கும் ஆட்டத்துக்கு எனக்கு மிகப் பிடித்தது 'வெள்ளி'. ஒருத்தர் கிழமை என்பார், ஒருத்தர் கொலுசு என்பார், ஒருத்தர் வானத்தில் என்பார், நம் ஊர்க்காரர் டாலரை நினைத்து, பத்துக் கொடுத்தால் மதியச் சாப்பாடு என்பார். நான்கு பேர் நான்கு திசையில் இழுக்க, எதிரே இருப்பவர் விழிப்பதைப் பார்க்க வேண்டும். திங்கள், மாலை, ஆறு, படி இவையும் அந்த ரகம்.

மணியடிச்சாச்சு
ஒரு பழைய சரக்கு, பாட்டிக்குப் பிடிக்கும். எழுத்தை எடுத்து எடுத்துச் சொல்லும் விடுகதை. மூன்றெழுத்து. முதல் எழுத்து போனால் மேடையில் தொங்கும். நடு எழுத்து போனால் நாய் செய்யும். கடைசி எழுத்து போனால் தவளை செய்யும். மூன்றும் சேர்ந்தால் பந்தயத்தில் ஓடும்.

தொல்காப்பியம் விடுகதையைப் பிசி என்கிறது. ஊருக்கு ஊர் நொடி, வெடி, அழிப்பாங்கதை என்று பெயர் வேறு. தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் இதைக் கேட்டால் பட்டியல் தானாக வரும்.

பதினோராம்மாடி
குதிரை! திரை, குரை, குதி. ஐயா இது அபாரம்.

நானும் ஒன்று செய்து பார்த்தேன், நான்கெழுத்து. முதல் எழுத்து போனால் பாரம், இரண்டாவது போனால் மேகம் உலவும் இடம், முழுசாக இருந்தால் நெரிசல் நேரத்தில் நகராது.

கோப்பி_ஓ
வாகனம். கனம், வானம். அடுத்து என் மகள் சொன்னது: முதல் எழுத்து போனால் ஊர், இரண்டாம் எழுத்து போனால் பயங்கரம், முழுசாக இருந்தால் சிராங்கூன் ரோட்டில் நின்று அண்ணாந்து பார்க்கலாம்.

முள்ளங்கி
கோபுரம். புரம், கோரம். அண்ணா, அவளையே நடத்தச் சொல்லிவிட்டு நீங்கள் முறுக்குச் சாப்பிடுங்கள்.

இன்னொன்று கேட்க மறந்தேன். தீபாவளி நேரத்தில் தூக்கில் தொங்கும் ஆளை வரைய வேண்டுமா? எங்கள் அத்தை போன வருடம் அதைப் பார்த்துவிட்டு நல்ல நாளும் அதுவுமாக என்று ஆரம்பித்து இரவு வரை விடவில்லை.

பதினோராம்மாடி
துரியான் வரையுங்கள். வெறும் உருண்டை போட்டுவிட்டு, தப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு முள். எட்டு முள் வந்தால் பழுத்து விழுந்துவிட்டது, ஆட்டம் முடிந்தது. கீழே ஓர் ஆளை நிற்கவைத்தால் பழைய ஹேங்மேனின் பயமும் கொஞ்சம் மிச்சமிருக்கும்.

கோப்பி_ஓ (ஒரு வாரம் கழித்து)
நடந்து முடிந்தது, வாக்குக் கொடுத்தபடி சொல்லிவிடுகிறேன். மகள் பட்டியலில் பாதியை அடித்தாள். எஃகைக்கூட அடித்தாள், பாடத்தில் வந்ததாம், ஆனால் தோழிகளுக்கு மறந்திருக்கும் என்றாள். நான் கேட்காமல் போட்டேன், அவள் சொன்னதுதான் சரி. எட்டு முள்ளும் வந்து துரியான் விழுந்தது, விடையைச் சொன்னதும் 'அப்படின்னா என்ன?' என்று நான்கு பேர் கேட்டார்கள். முள்ளங்கியின் சோதனைப்படி நான் தோற்றேன்.

தாழ்ப்பாளுக்கு ஐயா சொன்னது அச்சு அசலாக நடந்தது. இரண்டு புள்ளியைப் பார்த்ததும் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று கத்தினார்கள். முறுக்குக்காரர் 'ர வரிசை' என்றார், முள். 'ய' என்றார், முள். பின்னால் தொடக்கநிலை ஐந்து படிக்கும் பையன் எழுந்து 'ழ' என்றான், அது விழுந்ததும் பாட்டி உட்கார்ந்த இடத்திலிருந்தே தாழ்ப்பாள் என்று சொல்லிவிட்டார். ஒட்டடையையும் அவர்தான் கண்டுபிடித்தார், சொல்லிவிட்டு மருமகளை ஒரு பார்வை பார்த்தார், அங்கே கொஞ்ச நேரம் அமைதி.

மலாய்ச் சுற்று எதிர்பார்த்ததைவிட நன்றாகப் போனது. பக்கத்து வீட்டுக்காரர் காத்தில் என்று சொன்னதும் பிள்ளைகள் காதல், காற்று என்றெல்லாம் அலைந்துவிட்டுக் கட்டிலுக்கு வந்தார்கள். வெள்ளிக்கு அடிதடி. ரம்புத்தானுக்கு முதல் கோட்டில் யாரும் ர கேட்கவே இல்லை, கடைசிவரை.

எஃகைத் தவிர மொத்தம் பதினேழு சொல் ஓடியது, நேரம் போதவில்லை. மிச்சச் சீட்டெல்லாம் பிஸ்கட் டின்னில் இருக்கிறது.

சும்மாவந்தேன்
சாளரம் போட்டீர்களா?

கோப்பி_ஓ
போட்டேன். பாட்டிதான் கேட்டார், அது யாருப்பா என்று.

மணியடிச்சாச்சு
மகிழ்ச்சி தம்பி. இழையை மூடுவதற்குள் ஒன்று போட்டுவிட்டுப் போகிறேன்.

— • • — — —

குறிப்பு: முன்பெல்லாம் இங்கே திரையரங்கு வாசலில் காகிதச் சுருளில் கிடைக்கும்.

பதினோராம்மாடி
கச்சாங் பூத்தே, அந்தக் கொறிக்கும் தீனி! இல்லை, இரண்டு புள்ளி சேர்ந்து வராது. ழ வரிசை?

மணியடிச்சாச்சு
இல்லை. ஒரு முள்.

முள்ளங்கி
அப்படியானால் ர.

மணியடிச்சாச்சு
இரண்டாம் இடத்தில் இருக்கிறது.

பாதி_இட்லி
க வரிசை கேட்கிறேன். விழும், எனக்குத் தெரியும். ஐயா, இப்போது பசிக்கிறது.

மணியடிச்சாச்சு
மூன்றிலும் நான்கிலும் க. பசிக்கிறது என்றால் விடை கிடைத்துவிட்டது. சொல்லாதீர்கள், மற்றவர்கள் கேட்கட்டும்.